டென்னிஸ் பிரெய்ன்: பிசகாத ஹார்ன்

ஆர்கெஸ்ட்ராவில் முதலில் சறுக்கப்போவது யார் என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்கள் பிரெஞ்சு ஹார்ன் வாசிப்பவரைத்தான் காட்டுவார்கள். அந்தச் சுருட்டிய பித்தளைக் குழாயைப் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 12 அடி வரும். மேல் ஸ்தாயியில் ஸ்வரங்கள் நெருக்கியடித்து நிற்கும். உதடு இம்மி இறுகினால் பக்கத்து ஸ்வரம் பிளிறிவிடும். அதைப் பயமே இல்லாமல் வாசித்தவர் லண்டன்காரர் டென்னிஸ் பிரெய்ன்.

1921-ல் பிறந்தார். தாத்தா, பெரியப்பா, அப்பா எல்லோரும் ஹார்ன்காரர்கள். நம் நாகஸ்வரக் குடும்பங்கள் மாதிரி. ராயல் இசை அகாடமியில் குருவும் அப்பா ஆப்ரிதான். 1938-ல் அப்பாவுக்குப் பக்கத்தில் இரண்டாவது ஹார்னாக உட்கார்ந்து பாக் வாசித்ததே அரங்கேற்றம்.

போர்க்காலத்தில் விமானப்படை இசைக்குழுவில் இருந்தபோது இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் காதில் விழுந்தார். 1943-ல் விக்மோர் ஹாலில், பிரிட்டன் அவருக்காக எழுதிய 'செரினேட்' பிறந்தது: ஒரு டெனர் குரல், ஒரு ஹார்ன், தந்தி வாத்தியங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் ஹார்ன் மட்டும் தனியே ஒலிக்கும். அங்கே வால்வைத் தொடக்கூடாது, குழாய் இயல்பாகத் தரும் ஸ்வரங்களே போதும் என்பது பிரிட்டன் போட்ட நிபந்தனை. அவற்றில் சில பியானோ சுருதியோடு ஒட்டாது. அபஸ்வரம் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. கமகம் கேட்டுப் பழகிய நமக்கு அது அவ்வளவாக உறுத்தாது என்றே தோன்றுகிறது.

பிரெய்ன் சொந்தமாக எழுதியது சொற்பம். மொசார்ட் கான்செர்ட்டோக்களில் வாத்தியக்காரர் தனியே வித்தை காட்டும் கடென்சாக்களைச் சொல்லலாம். ஆனால் இசையமைப்பாளர்கள் ஹிண்டெமித்தும் மால்கம் அர்னால்டும் அவரை நினைத்தே கான்செர்ட்டோ எழுதினார்கள். அந்தப் படைப்புகளில் பாதிப் பங்கு அவருக்குச் சேரவேண்டும் என்பேன்.

பில்ஹார்மோனியா, ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராக்கள் இரண்டிலும் முதல் ஹார்ன் அவரே. இளையராஜாவால் நமக்குப் பரிச்சயமான அதே ராயல் பில்ஹார்மோனிக்தான். 1953-ல் கண்டக்டர் கரயான் நடத்த மொசார்ட்டின் நான்கு கான்செர்ட்டோக்களையும் பதிவு செய்தார். அப்போது ஸ்டாண்டில் இருந்தது நோட்டேஷன் அல்ல, கார் பத்திரிகை என்று சொல்வார்கள். 1956-ல் கேலிச்சித்திரக்காரர் ஹாஃப்னங்கின் நகைச்சுவைக் கச்சேரியில், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை ஊதி, மொசார்ட்டின் அப்பா லியோபோல்டின் இசையை வாசித்துக் காட்டினார்.

கார்தான் அவரைக் கொண்டுபோனது. 1957 ஆகஸ்ட் முடிவில் எடின்பரோ விழாவில் சைக்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனியை வாசித்துவிட்டு, இரவோடு இரவாக லண்டனுக்குக் கிளம்பினார். செப்டம்பர் 1 விடியற்காலை, ஊரை நெருங்கியபோது, ஹாட்ஃபீல்டில் அவருடைய டிரையம்ஃப் கார் மரத்தில் மோதியது. வயது 36. அதே ஆண்டு பிரெஞ்சு இசையமைப்பாளர் பூலாங்க், அவர் நினைவாக ஹார்னுக்கும் பியானோவுக்குமாக ஓர் 'எலிஜி' எழுதினார். ஹார்ன் பயில்கிறவர்கள் இன்றும் அதை வாசிக்கிறார்கள்.