டூர் டி பிரான்ஸ்: ஜெயிச்சா 5 லட்சம் யூரோ... மத்தவங்க எப்படிப் பிழைக்கிறாங்க?

உலகின் பெரிய சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸில் முதலிடம் பிடித்தால் பரிசு 5 லட்சம் யூரோ. ஆனால், ஜெயிச்சவர் அதை அப்படியே வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதில்லை. அணியினரோடு பகிர்ந்துகொள்வதுதான் வழக்கம்.

ஏன்? இது தனியா ஜெயிக்கிற பந்தயம் இல்லை. முன்னால் போய் எதிர்காற்றைத் தாங்க, அணி காரிலிருந்து தண்ணீர் பாட்டில் வாங்கி வர, தலைவரின் டயர் பஞ்சரானால் தன் சைக்கிளையே கொடுக்க என்று தனியாக வீரர்கள் இருக்காங்க. பிரெஞ்சு மொழியில் இவர்களுக்குப் பெயரே 'டொமெஸ்டிக்', அதாவது வேலைக்காரர்!

2024-ல் தூரம் 3,498 கி.மீ., 21 கட்டங்கள். அத்தனையும் மிதித்து 100-வது இடத்தில் முடித்தால் அதற்கான பரிசு 1,000 யூரோ. கட்டத்துக்கு 50 யூரோகூடத் தேறாது.

ஆக, பிழைப்பு சம்பளத்தில்தான். சாலையோரம் நின்று இலவசமாகப் பார்க்கிற விளையாட்டு என்பதால் டிக்கெட் வசூல் கிடையாது. அணிகள் ஓடுவது பெரும்பாலும் ஸ்பான்சர் பணத்தில். ஸ்பான்சர் விலகினால் அணியே கலைஞ்சு போகலாம்.

பெண்கள் நிலைமை இன்னும் மோசம். அவர்களுக்குக் குறைந்தபட்ச சம்பளம் என்ற ஒன்றே 2020-ல்தான் வந்தது: ஆண்டுக்கு 15,000 யூரோ. 2023-ல் அது 32,102 யூரோ ஆனது. அதுவும் அப்போது முதல்நிலை அணிகளுக்கு மட்டும்தான் இருந்தது. கீழ்நிலை அணிகளில் பலர் இன்றும் வேறு வேலை பார்த்துக்கொண்டேதான் பந்தயத்துக்கு வர்றாங்க.