வெள்ளீய ஆக்சைடு உணரி: கலப்பு என்ன செய்கிறது?
சமையல் எரிவாயு கசிந்தால் அலறும் கருவிகள் பலவற்றில் இருப்பது வெள்ளீய ஆக்சைடு. 1962இல் ஜப்பானின் நவோயோஷி தகுச்சி காட்டிய வழி. சூடான ஆக்சைடு படலத்தில் ஒட்டும் ஆக்சிஜன் எலக்ட்ரான்களைப் பிடித்துவைப்பதால் மின்தடை ஏறுகிறது. எரியும் வாயு அந்த ஆக்சிஜனைத் தின்றதும் அவை விடுபட, தடை சரிகிறது. அப்படியானால் மின்சாரம் நன்றாகப் பாயும் படலமே நல்ல உணரி என்று தோன்றலாம். இல்லை. ஆன்டிமனி கலந்தால் கடத்துதிறன் கூடும். ஆனால் எலக்ட்ரான்கள் ஏற்கெனவே மலிந்த இடத்தில் இன்னும் நாலு சேர்ந்தால் யாருக்குத் தெரியும்? பல்லேடியம் வேறு வகை: பெரும்பாலும் மேற்பரப்பில் துகளாக அமர்ந்து வினையைத் தூண்டுவதால், குறைந்த வெப்பத்திலேயே உணரி விழிக்கிறது. இது கலப்பல்ல, வெறும் வினையூக்கி என்பாரும் உண்டு, சொல்லளவில் நியாயமே. ஆனால் அத்துகள்கள் ஆக்சைடிலிருந்து எலக்ட்ரான்களை இழுத்துத் தொடக்கத் தடையையே உயர்த்திவிடுகின்றன. அளவு மிஞ்சினாலோ, வாயு உள்ளே போகுமுன் வெளியடுக்கிலேயே எரிந்து தீர்ந்துவிடும்.