தீர்ப்புக்கு ஏன் இந்த அவசரம்?

இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து கிளப் 2017-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஆண்ட்ரூ ராபர்ட்சன் என்ற 23 வயது ஸ்காட்லாந்து வீரரை 80 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. ஐரோப்பியக் கால்பந்துச் சந்தையில் இது மிகச் சிறிய தொகை. அவர் ஆடிவந்த ஹல் சிட்டி அணி, அதற்கு முந்தைய பருவத்தில் 38 ஆட்டங்களில் 80 கோல்களை விட்டுக்கொடுத்து, பிரீமியர் லீக்கிலிருந்து அடுத்த நிலை லீக்குக்கு இறக்கப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட அணியின் இடப்புறத் தடுப்பாட்டக்காரர் லிவர்பூலுக்கு எதற்கு என்று ரசிகர்கள் பலர் நினைத்தனர். மாற்று வீரர்கள் வரிசையில் உட்கார ஓர் ஆள் கிடைத்தார் என்பதற்கு மேல் அவரிடம் யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

இரண்டே ஆண்டுகளில் லிவர்பூல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றது. அடுத்த ஆண்டு, 30 ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு இங்கிலாந்தின் லீக் பட்டத்தையும் வென்றது. இரு வெற்றிகளிலும் இடப்புறத் தடுப்பை ஏற்றிருந்தவர் ராபர்ட்சன். அவர் வாங்கப்பட்ட அதே கோடையில் மான்செஸ்டர் சிட்டி, அதே இடத்தில் ஆடும் பெஞ்சமின் மெண்டியை ஏறத்தாழ 5 கோடி பவுண்டுக்கு வாங்கியது. சில வாரங்களில் மெண்டிக்கு முழங்காலில் பலத்த காயம் ஏற்பட்டு, பருவத்தின் பெரும்பகுதி வீணாயிற்று. ஆறு மடங்கு விலை வேறுபாடு, களத்தில் நடந்ததைப் பற்றி எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

கால்பந்து உலகில் இத்தகைய கதைகள் பல உண்டு. பொதுவாக அவை அதிசயமாகவோ, விடாமுயற்சிக்குக் கிடைத்த பரிசாகவோ சொல்லப்படுகின்றன. கூர்ந்து பார்த்தால் இவை எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல என்பது புலப்படும். சிலரிடம் திறமை முன்பே முழுமையாக இருந்தது. பார்ப்பவர் கண்ணில்தான் அது படவில்லை. வேறு சிலர் புதிய அணிக்கு வந்த பிறகு, கால அவகாசம் கிடைத்ததால் வளர்ந்தனர். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால்தான் ரசிகர்களின் கணிப்பு எங்கே பிழைக்கிறது என்பது விளங்கும்.

ஒரு கிளப்பின் ரசிகர், தம் அணியின் ஆட்டங்களை ஒன்றுவிடாமல் பார்ப்பார். பிற நாட்டு லீக்குகளையோ, அட்டவணையின் அடியில் கிடக்கும் அணிகளையோ அவ்வாறு பார்க்க அவருக்கு நேரமில்லை. எனவே புதிய வீரரின் பெயர் அறிவிக்கப்பட்டதும் அவர் மூன்று அடையாளங்களை நாடுகிறார்: வீரரின் விலை, அவர் முன்பு ஆடிய கிளப்பின் நிலை, அவரைப் பற்றி மனத்தில் பதிந்திருக்கும் கடைசிக் காட்சி.

இவற்றை நாடுவது மூடத்தனம் ஆகாது. வேறு தகவல் இல்லாதபோது எவரும் செய்வதுதான். ஆனால் இவற்றுள் எதுவும் வீரரின் திறமையை நேரடியாக அளப்பதில்லை. ஒப்பந்தத்தில் எஞ்சியுள்ள ஆண்டுகள், விற்கும் கிளப்பின் பணத்தேவை, வாங்கப் போட்டியிடுவோரின் எண்ணிக்கை ஆகியவை சேர்ந்தே விலையை முடிவு செய்கின்றன. கீழ்நிலைக்கு இறக்கப்பட்ட கிளப்புக்குத் தொலைக்காட்சி வருவாய் கடுமையாகக் குறைவதால், நல்ல வீரரையும் மலிவாக விற்க நேரிடுகிறது. விட்டுக்கொடுத்த 80 கோல்கள் 11 பேரின் கணக்கு. அதில் ஒருவரின் பங்கு என்ன என்பதை அட்டவணை காட்டாது.

திறமை இருந்தும் கண்ணில் படாதவர்களுக்கு முகமது சலா சிறந்த சான்று. 2014 ஜனவரியில் செல்சி கிளப்பில் சேர்ந்த இந்த எகிப்து வீரர், அங்கே 13 லீக் ஆட்டங்களில் மட்டுமே இறக்கப்பட்டு 2 கோல்கள் அடித்தார். பிறகு இத்தாலிக்கு அனுப்பப்பட்டார். 2017-இல் லிவர்பூல் அவரை வாங்கியபோது, 'செல்சியில் தேறாதவர்' என்ற நினைவே இங்கிலாந்தில் பலருக்கு மேலோங்கியிருந்தது. ஆனால் அதற்கு முந்தைய பருவத்தில் அவர் ரோமா அணிக்காக லீக்கில் 15 கோல்கள் அடித்திருந்தார். லிவர்பூலில் முதல் பருவத்திலேயே 32 லீக் கோல்கள் அடித்து, 38 ஆட்டங்கள் கொண்ட பிரீமியர் லீக் பருவத்துக்கு அப்போது புதிய சாதனை படைத்தார். இங்கிலாந்து ரசிகரின் நினைவு 2014-இல் நின்றுவிட்டது; வீரர் அங்கே நிற்கவில்லை.

பிரான்ஸின் என்கோலோ கான்டேயும் இந்த வகையே. 2015-இல் கான் கிளப்பிலிருந்து லெஸ்டர் சிட்டி அவரை ஏறத்தாழ 56 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. உயரம் குறைந்தவர், ஆரவாரம் இல்லாதவர், இங்கிலாந்தில் பெயர் தெரியாதவர். ஆயினும் பிரான்ஸின் முதல்நிலை லீக்கில், எதிரணியிடமிருந்து பந்தை மீட்பதில் முன்னணியில் இருந்தவர் அவர். லெஸ்டரின் ஆள்தேர்வுப் பொறுப்பாளர் ஸ்டீவ் வால்ஷ் அதைக் கண்டு அவரை வாங்குமாறு வலியுறுத்தினார். அந்தப் பருவத்தில் லெஸ்டர் லீக் பட்டம் வென்றது. அடுத்த பருவத்தில் கான்டே செல்சிக்கு மாறினார். செல்சி பட்டம் வென்றது. 2018-இல் அவர் ஆடிய பிரான்ஸ் அணி உலகக் கோப்பையை வென்றது.

இவர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் பார்த்தது வேறு, ரசிகர்கள் பார்த்தது வேறு. வீரரின் வெளிப்பாடு அவரைச் சுற்றியுள்ள அணியைப் பொறுத்தது. தோற்கும் அணியில் ராபர்ட்சன் பெரும்பாலும் தம் கோல் கம்பத்தின் அருகே தடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. யூர்கன் கிளாப் பயிற்றுவித்த லிவர்பூலில், பக்கவாட்டுத் தடுப்பாட்டக்காரர்கள் களத்தின் முழு நீளமும் ஓடி, எதிரணி எல்லையில் பந்தை உள்ளே அனுப்ப வேண்டும். ஓயாத ஓட்டமும் துல்லியமான குறுக்குப் பந்தும் அங்கே விலைமதிப்பற்றவை. ஹல் அணியில் அவற்றுக்குப் பயன் குறைவு.

இரண்டாம் வகைக்கு வருவோம். ஜேமி வார்டி 16 வயதில் ஷெஃபீல்ட் வென்ஸ்டே கிளப்பால் கைவிடப்பட்டவர். தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே உள்ளூர் அணிகளில் ஆடியவர். 2012-இல் லெஸ்டர் அவரை 10 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. தொழில்முறை லீக்குகளுக்கு வெளியே ஆடும் ஒருவருக்கு அன்றைய நிலையில் அது சாதனைத் தொகை. முதல் பருவத்தில் அவர் லீக்கில் அடித்தவை 4 கோல்கள் மட்டுமே. ரசிகர்களின் ஏளனம் சமூக ஊடகங்களில் பெருகியது. கால்பந்தையே விட்டுவிடலாமா என்று அவர் எண்ணியபோது, மேலாளர் நைஜல் பியர்சனும் துணைப் பயிற்சியாளர் கிரெய்க் ஷேக்ஸ்பியரும் பேசி நிறுத்தினர். 2015-இல் அதே வார்டி தொடர்ந்து 11 பிரீமியர் லீக் ஆட்டங்களில் கோல் அடித்துச் சாதனை படைத்தார். அந்தப் பருவத்தின் பட்டத்துக்கு அவர் 24 லீக் கோல்களை அளித்தார்.

பாட்ரிஸ் எவ்ரா 2006 ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்காக முதன்முதலில் இறங்கியது நகரின் மற்றொரு அணியான சிட்டிக்கு எதிராக. இடைவேளையிலேயே அவர் வெளியே அழைக்கப்பட்டார். அணி 3-1 எனத் தோற்றது. பிற்பாடு அதே அணியோடு ஐந்து லீக் பட்டங்களையும் ஒரு சாம்பியன்ஸ் லீக் கோப்பையையும் வென்றார். ஜோர்டன் ஹென்டர்சனை லிவர்பூல் 2011-இல் வாங்கி, அடுத்த ஆண்டே வேறொரு வீரருக்கு ஈடாக ஃபுல்ஹாமுக்குக் கொடுக்க முன்வந்தது. அவர் மறுத்துத் தங்கினார். 2019-இல் சாம்பியன்ஸ் லீக் கோப்பையையும் 2020-இல் லீக் கோப்பையையும் அணித்தலைவராக ஏந்தியவர் அவர்தான்.

இவர்களுக்கு உதவியது காலம். புதிய வீரர் மொழியையும் ஊரையும் மட்டும் பழகுவதில்லை. பக்கத்தில் ஆடுபவர் எப்போது ஓடுவார், எந்தக் காலுக்குப் பந்தைக் கேட்பார் என்பதையும் கற்க வேண்டும். ராபர்ட்சனே முதல் சில மாதங்கள் பெரும்பாலும் வெளியே அமர்ந்திருந்தார். 2017 டிசம்பரில் அல்பெர்டோ மொரேனோ காயமுற்றதால்தான் அவருக்கு நிலையான இடம் கிடைத்தது. நல்வாய்ப்பின் பங்கையும் மறுப்பதற்கில்லை.

எல்லாத் தகவலும் கையில் உள்ள கிளப்புகளே தவறுவதும் உண்டு. 2015 ஆகஸ்ட் 31 அன்று ரியல் மாட்ரிட், கோஸ்டா ரிக்கா கோல்கீப்பர் கெய்லர் நவாஸை மான்செஸ்டர் யுனைடெட்டுக்குக் கொடுத்து டேவிட் டி ஹேயாவைப் பெறவிருந்தது. ஆவணங்கள் உரிய நேரத்தில் சேராததால் பேரம் முறிந்தது. வேண்டாமென்று ஒதுக்கப்படவிருந்த நவாஸ், 2016, 2017, 2018 என அடுத்தடுத்த மூன்று சாம்பியன்ஸ் லீக் வெற்றிகளில் மாட்ரிட்டின் கோல்கீப்பராக இருந்தார்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. எதிர்பார்ப்பை மீறியவர்களை நாம் நினைவில் வைக்கிறோம். ஐயத்தை உறுதிப்படுத்திவிட்டு ஓசையின்றி வெளியேறியவர்களை மறந்துவிடுகிறோம். ஆகவே பொறுத்திருந்தால் எல்லோரும் ஒளிர்வர் என்று முடிவு கட்டுவதும் பிழை. அதிக எதிர்பார்ப்பும் இதே போல ஏமாற்றும். 2011 ஜனவரியில் 5 கோடி பவுண்டுக்குச் செல்சி வாங்கிய ஃபெர்னாண்டோ டோரஸ், அந்தப் பருவத்தின் எஞ்சிய பகுதியில் அடித்தது ஒரே ஒரு கோல். விலை, பெயர், பழைய புகழ் ஆகியவை இரு திசையிலும் தவறாக வழிகாட்டக்கூடியவை.

ஆரோன் ராம்ஸ்டேலின் கதை இன்னும் சிக்கலானது. போர்ன்மத், ஷெஃபீல்ட் யுனைடெட் என அவர் கோல்கீப்பராக இருந்த அணிகள் அடுத்தடுத்த இரு பருவங்களில் கீழிறங்கின. 2021-இல் ஆர்சனல் அவரை வாங்கப்போகிறது என்ற செய்திக்கே சமூக ஊடகங்களில் வசைகள் குவிந்தன. சில வாரங்களில் அவர் முதன்மைக் கோல்கீப்பராகி, அதே ரசிகர்களின் அன்புக்கு உரியவரானார். 2022-23 பருவத்தில் சக வீரர்களின் வாக்கில் ஆண்டின் சிறந்த அணியிலும் இடம்பெற்றார். அதற்கு அடுத்த பருவத்தில் டேவிட் ராயாவிடம் இடத்தை இழந்தார். முதலில் வந்த வசையும் பிழை. பின்னர் வந்த புகழும் நிலையான உறுதிமொழி ஆகவில்லை.

ரசிகர் ஐயப்படக்கூடாது என்று எவரும் சொல்ல முடியாது. நுழைவுச்சீட்டுக்குப் பணமும், அணிக்காக மனமும் கொடுப்பவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. ஆனால் ஐயம் கேள்வியாக இருக்கும்வரை ஆட்டத்துக்குக் கேடில்லை. அது தீர்ப்பாக மாறும்போது, அந்தத் தீர்ப்பு தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்ளத் தொடங்குகிறது. சொந்த மைதானத்தில் கூச்சலுக்கு அஞ்சும் வீரர் துணிந்து முன்னே பந்தை அனுப்புவதில்லை; பிழை நேராத பக்கவாட்டுப் பாஸோடு நிறுத்திக்கொள்கிறார். அதைக் கண்டு, நாம் சொன்னது சரிதான் என்று கூட்டம் மகிழ்கிறது. கிளப் நிர்வாகமும் அந்தக் கூச்சலுக்குச் செவிசாய்த்து அவரை விற்கிறது. வார்டி போன்றவர்களுக்குத் தேவைப்பட்டது கால அவகாசம் ஒன்றுதான். அவசரத் தீர்ப்பு முதலில் பறிப்பதும் அதையே.

எனவே புதிய வீரரின் பெயரைக் கேட்டதும் விலையைப் பார்ப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இவரை எந்த வேலைக்காக அழைத்திருக்கிறார்கள்? முன்பிருந்த அணியில் அந்த வேலையைச் செய்ய இவருக்கு வாய்ப்பு இருந்ததா? இங்கே பழக இவருக்கு எத்தனை மாதங்கள் கிடைத்தன? விடைகள் சாதகமாக இல்லையெனில் ஐயம் நியாயமானதே. விடை தெரியவில்லையெனில் தீர்ப்பை ஒரு பருவம் தள்ளிவைப்பதில் ரசிகருக்கு இழப்பு ஏதுமில்லை. வார்டி 2013-இல் கால்பந்தை விட்டுப் போயிருந்தால், லெஸ்டர் ரசிகர்கள் எதை இழந்தோம் என்றுகூட அறிந்திருக்க மாட்டார்கள்.