பன்றி மேல் போடும் பழி

பன்றிக்கறி தொடாதவர்களுக்கு மூளையில் புழு வராது என்று பலரும் உறுதியாக நம்புகிறார்கள். 1990, 91-இல் நியூயார்க்கில் மூளையில் பன்றி நாடாப்புழுக் கட்டியோடு நான்கு பேர் கண்டறியப்பட்டார்கள். நால்வரும் மதவிதிப்படி பன்றிக்கறியை அறவே விலக்கிய யூதர்கள். இலத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்து அந்த வீடுகளில் வேலை செய்தவர்களின் குடலிலிருந்த நாடாப்புழுவே காரணமாக இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் முடிவுசெய்தார்கள். சரியாக வேகாத கறியிலுள்ள கட்டியைத் தின்றால் குடலில் சில மீட்டர் நீளத்துக்குப் புழு வளரும், அவ்வளவுதான். மூளைக்குப் போவது அந்தப் புழு இடும் முட்டையிலிருந்து வரும் கரு. வளர்ந்த புழு குடியிருப்பது மனிதக் குடலில் மட்டுமே; ஆகவே முட்டை வெளியேறுவதும் மனித மலத்தில்தான். திறந்தவெளியில் கிடக்கும் அந்த மலத்தைத் தின்று பன்றி நோயை வாங்கிக்கொள்கிறது. கழுவாத கையும் கழிவுநீர் பாய்ந்த கீரையும் அதே முட்டையை நம் வாய்க்குக் கொண்டுவருகின்றன.

முட்டையிலிருந்து வரும் கருவுக்கு ஆறு கொக்கிகள். குடல் சுவரைத் துளைத்து ரத்தத்தில் ஏறி, தசையிலோ கண்ணிலோ மூளையிலோ போய்த் தங்கும். வெந்த ஜவ்வரிசி போன்ற கட்டி. உள்ளே வெள்ளைப் புள்ளியாகப் புழுவின் தலை. இதில் வியப்பு என்னவென்றால், உயிரோடு இருக்கும்வரை அது உடலின் எதிர்ப்பை மட்டுப்படுத்திக்கொண்டு வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். சாகத் தொடங்கும்போதுதான் உடல் அதைக் கண்டுகொள்கிறது. சுற்றிலும் வீங்குகிறது, வலிப்பு வருகிறது. அதனால்தான் மூளைக் கட்டிக்குப் புழு மருந்து தரும்போது வீக்கத்தை அடக்கும் மருந்தையும் சேர்த்துத் தருகிறார்கள். வலிப்போடு வந்தவர்களின் ஸ்கேனில் தெரிந்த ஒற்றைச் சிறு கட்டியைக் காசநோய் என்று எண்ணி, நம் நாட்டில் பலருக்கு அதற்கான மாத்திரை கொடுத்துவந்த காலம் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அத்தகைய கட்டிகளை எடுத்துச் சோதித்தபோது, பெரும்பாலும் அவை இந்தப் புழுவின் எச்சங்கள் என்று தெரியவந்தது.

அப்படியானால் பன்றிகளையே ஊரைவிட்டு அகற்றிவிடலாமே என்பார்கள். புழுவைச் சுமக்கும் மனிதர் ஊரில்தானே இருக்கிறார்? அவர் குடலிலுள்ள புழு அன்றாடம் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். பன்றி வளர்த்துப் பிழைப்பவரின் சோறு மட்டும் போகும். கறியைச் சோதித்துப் பறிமுதல் செய்தால் போதும் என்பவர்கள் பெரு நாட்டுக் கிராமங்களைப் பார்க்க வேண்டும். அங்கே வியாபாரி பன்றியைச் சாய்த்து, வாயைப் பிளந்து, நாக்கை இழுத்து அடிப்பக்கத்தை விரலால் தடவுவார். உருண்டை தட்டுப்பட்டால் விலை விழும். அந்தப் பன்றியை யாரும் புதைப்பதில்லை. மலிவாகக் கைமாறும், இல்லையேல் வளர்த்தவர் வீட்டு அடுப்பிலேயே வேகும். அதே நாட்டின் தும்பெஸ் பகுதியில் மக்களுக்குப் புழு மருந்தும் பன்றிகளுக்கு மருந்தும் தடுப்பூசியும் சேர்த்துக் கொடுத்தார்கள். 107 கிராமங்களில் 105-இல் நோய்ப் பரவல் நின்றதென்று 2016-இல் அறிவித்தார்கள். பன்றிக்கான அந்த வகைத் தடுப்பூசி இன்று ஹைதராபாத்திலேயே தயாராகிறது.