வேலை தெரிந்தால் போதுமா? கற்றுக்கொடுக்கவும் தெரிய வேண்டும்!

அளவற்ற அருளாளன் அல்லாஹ்வின் திருப்பெயரால்...

தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். லேத் ஓடும் சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். அதே தெருவில் முப்பத்தைந்து வயதுச் சகோதரர் ஒருவர், ஒப்பந்தம் முடிந்து வேலையின்றி இருக்கிறார். பெரியவரின் கைத்திறன் இவருக்குப் போய்ச் சேர்ந்தால் ஒரு குடும்பமே நிமிரும். பெரியவருக்கும் சொல்லித்தர மனமுண்டு. ஆனால் நான்கு நாளில் இருவருக்கும் சலிப்பு வந்துவிடுகிறது. "இவனுக்கு மண்டையில் ஏறவில்லை" என்கிறார் பெரியவர். "அவர் சொல்வது புரியவில்லை" என்கிறார் மாணவர். கற்பிக்கும் முறையை யாரும் பெரியவருக்குச் சொல்லித்தரவில்லை என்பதே உண்மைக் காரணம்.

நம் பகுதிக்கு இது ஏன் அவசியம்?

ஓசூரில் 1980-இல் அசோக் லேலண்ட் ஆலை வந்தது. அதே காலத்தில் டி.வி.எஸ். மொபெட்டுகளும் அங்கிருந்து வெளிவரத் தொடங்கின. 1984-இல் உருவான டைட்டன் நிறுவனமும் தன் கைக்கடிகார ஆலையை அங்கேதான் அமைத்தது. இன்று மின்னணுத் தொழிற்சாலைகளும் சேர்ந்துவிட்டன. ஆக, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான தொழில் அனுபவம் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்து வீடுகளில் இருக்கிறது. மறுபுறம், நாட்றாம்பாளையம் போன்ற எல்லையோர மலைக் கிராமங்களிலிருந்து படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலை தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். திறன் இல்லாதவரைத்தான் ஆட்குறைப்பு முதலில் தொடும். இந்த இரு தரப்பையும் இணைக்கும் பாலம், கற்பிக்கத் தெரிந்த தொழிலாளி.

தெரிந்தவருக்கு ஏன் சொல்ல வருவதில்லை?

கை பழகப் பழக, அறிவு வாயை விட்டுக் கைக்கு இறங்கிவிடுகிறது. வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொள்வோம். அனுபவசாலி அதைக் கையில் எடுத்ததும் வாய்களை மூடி, பூஜ்யம் பூஜ்யத்தோடு பொருந்துகிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடுவார். தான் அப்படிப் பார்த்ததே அவருக்கு நினைவிருக்காது. எனவே சொல்லித்தரும்போது அந்தப் படியை விட்டுவிடுவார். அந்த ஒரு படி தெரியாத மாணவரின் அளவுகள் எல்லாமே பிசகும். "போகப்போக வந்துவிடும்" என்ற நம் வழக்கமான ஆறுதலுக்குப் பின்னால் இப்படி விடுபட்ட படிகள் பல ஒளிந்திருக்கின்றன.

உலகம் கண்ட வழி

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குப் புதிய தொழிலாளர்கள் பெருமளவில் வந்தார்கள். அவர்களுக்கு வேலை சொல்லித்தர, மேற்பார்வையாளர்களுக்கே முதலில் பயிற்சி கொடுத்தார்கள். தலா இரண்டு மணி நேரம் வீதம் ஐந்து அமர்வுகள். மொத்தம் பத்தே மணி நேரம். அதன் சாரம் நான்கு படிகள்: கற்பவரின் பதற்றத்தைப் போக்கித் தயார்படுத்துவது, வேலையைப் படிப்படியாகச் செய்துகாட்டி, ஒவ்வொரு படியின் நுட்பத்தையும் காரணத்தையும் சொல்வது, அவரையே செய்யவைத்து, செய்வதை வாய்விட்டு விளக்கச் சொல்வது, பிறகு தனியே விட்டு, அவ்வப்போது போய்ப் பார்ப்பது. மாணவருக்கு வரவில்லை என்றால் குறை கற்பித்தவரிடம் இருக்கிறது என்பதே அதன் அடிப்படை. போருக்குப் பின் ஜப்பான் இம்முறையை ஆர்வத்தோடு ஏற்றுக்கொண்டது. ஜெர்மனியில், ஆலைகளில் இளைஞர்களுக்குத் தொழில் பயிற்றுவிக்க, கற்பிக்கும் தகுதியையும் தேர்வெழுதி நிரூபிக்கும் முறை இருக்கிறது.

நம் நாட்டிலும் ஐ.டி.ஐ. பயிற்றுநர்களுக்கென்றே ஓராண்டுப் பயிற்சி உண்டு. சென்னை கிண்டியில் உள்ள தேசியத் திறன் பயிற்சி நிறுவனத்தில் தொழில்நுட்பத்தோடு பயிற்றுமுறையும் கற்பிக்கப்படுகிறது. 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு, துறையில் 15 ஆண்டு அனுபவமுள்ளவர்கள் உயர்பட்டம் இல்லாமலேயே கல்லூரிகளில் பேராசிரியராகப் பணியாற்ற வழி திறந்தது. அனுபவத்துக்கு மதிப்புக் கூடியிருப்பது மகிழ்ச்சியே. ஆனால் மதிப்புக் கூடும்போது பொறுப்பும் கூடுகிறது.

நபிவழியில் ஓர் அழகிய பாடம்

இவையெல்லாம் நமக்குப் புதியவை அல்ல. ஓர் இளைஞர் ஆட்டின் தோலைச் சரியாக உரிக்கத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தார். அவ்வழியே வந்த நபி (ஸல்) அவர்கள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. சற்று விலகச் சொல்லி, தோலுக்கும் இறைச்சிக்கும் இடையே தம் கையை அக்குள் வரை நுழைத்துச் செய்துகாட்டினார்கள். அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. அகிலத்துக்கே வழிகாட்ட வந்தவர்கள், ஒரு கைத்தொழிலின் நுட்பத்தைத் தம் கையாலேயே காட்டிக்கொடுத்தார்கள்!

தொழுகையைச் சரியாக நிறைவேற்றாத ஒருவரை மூன்று முறை திரும்பத் தொழ வைத்து, அவரே கற்றுத்தருமாறு கேட்ட பிறகு ஒவ்வொரு நிலையாக விளக்கிய ஹதீஸை புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். கற்பவரின் மனதில் தேவை எழுந்த பிறகு சொல்லப்படும் பாடமே நிலைக்கும். சலிப்பு ஏற்பட்டுவிடக் கூடாது என்பதற்காக நபி (ஸல்) அவர்கள் நாள் இடைவெளி விட்டே உபதேசம் செய்வார்கள் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கிறார்கள்.

"இந்த வயதில் எனக்கெதற்குப் படிப்பு?" என்று கேட்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை: நபித்தோழர்கள் முதிய வயதிலும் கற்றார்கள் என்று இமாம் புகாரி (ரஹ்) தம் நூலில் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

பெரியவர்களுக்குக் கற்பிக்கும்போது...

வளர்ந்தவர் குழந்தையைப் போல் கற்பதில்லை. அவருக்குக் குடும்பம் இருக்கிறது, மானம் இருக்கிறது, ஷிஃப்ட் முடித்த களைப்பு இருக்கிறது. எனவே பயிற்றுநர் கவனிக்க வேண்டியவை:

1. நாலு பேர் முன்னால் மட்டம் தட்டக் கூடாது. தவறைத் தனியே சொல்ல வேண்டும். ஒருமுறை அவமானப்பட்டவர் மறுநாள் வரமாட்டார்.

2. அவர் ஏற்கெனவே அறிந்ததிலிருந்து தொடங்க வேண்டும். டிராக்டர் பழுதுபார்த்த விவசாயிக்கு பேரிங் என்றால் என்ன என்று தெரியும்.

3. இன்று கற்றது நாளை வேலைக்கு உதவ வேண்டும். ஒரு வகுப்புக்கு ஒரு திறன் போதும்.

4. தமிழ், உருது, கன்னடம், தெலுங்கு எல்லாம் புழங்கும் பகுதி நம்முடையது. விளக்கம் அவருக்குப் புரியும் மொழியில் இருக்கட்டும்; ஆலையில் வழங்கும் பெயர்களை மட்டும் அப்படியே பழக்க வேண்டும்.

5. "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "செய்து காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும்.

ஜமாஅத்துகள் என்ன செய்யலாம்?

முதலில், மஹல்லாவில் உள்ள ஓய்வுபெற்ற மற்றும் பணியிலுள்ள ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன், தரப் பரிசோதகர், தையல் மேற்பார்வையாளர்கள், வளைகுடாவிலிருந்து திரும்பியோர் ஆகியோரைப் பட்டியலிடலாம். அடுத்து, மாணவர்களைச் சேர்க்கும் முன், இவர்களை ஐந்து மாலைகள் மட்டும் இஷாவுக்குப் பின் உட்கார வைக்க வேண்டும். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒரு வேலையைப் படிகளாகப் பிரித்துத் தாளில் எழுதி, அந்த வேலை தெரியாத ஒருவருக்குச் சொல்லித்தர வேண்டும். விடுபட்ட படிகள் அங்கேயே வெளிப்பட்டுவிடும். நம் ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் உடனிருந்தால் இன்னும் சிறப்பு. பெண்களுக்குப் பெண் பயிற்றுநர்களையே தயார்படுத்தலாம். பைத்துல்மாலிலிருந்து கருவிகள் வாங்கலாம்.

பயிற்றுநர் முஸ்லிமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பத்ர் கைதிகளில் மீட்புத்தொகை கொடுக்க இயலாதவர்கள், அன்சாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதையே மீட்பாக ஏற்ற வரலாறு நமக்குண்டு. போர்க்களத்தில் எதிராக நின்றவரிடமிருந்தே கல்வியைப் பெற்ற சமுதாயம், பக்கத்துத் தெரு அண்ணாச்சியிடம் கற்கத் தயங்கலாமா?

ஓர் எச்சரிக்கை: மஹல்லா வகுப்பு அரசுச் சான்றிதழுக்கு ஈடாகாது. அதை மாணவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவது அமானிதம். சான்றிதழ் தேவைப்படுவோரை அரசு ஐ.டி.ஐ.க்கும், தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் பயிற்சிகளுக்கும் அனுப்பிவைக்க வேண்டும்.

மனிதன் இறந்த பின்னும் தொடரும் நன்மைகளில் ஒன்று, பிறர் பயன்பெறும் கல்வி. ஒருவருக்கு ஹலாலான ரிஸ்க்கைத் தேடித்தரும் தொழிலறிவும் அதில் சேரும் என்று ஆதரவு வைப்போம். கையிலுள்ள திறனைக் கப்ருக்குள் கொண்டுபோகாமல் அடுத்தவர் கையில் ஒப்படைக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.