காரம் இல்லாத மிளகாய்!

மிளகாய் என்றால் காரம். கடித்தால் கண்ணில் நீர் வரும். ஆனால், எவ்வளவு கடித்தாலும் கண் கலங்காத மிளகாய் ஒன்று உண்டு. அதுதான் குடைமிளகாய்!

நீலகிரியில் வீட்டு வாசலிலேயே இதை வளர்க்கலாம். ஆனால், அங்கே இதற்கு ஒரு பகைவன் உண்டு. அவன் பெயர் உறைபனி. ஒரே இரவில் செடியைக் கருக்கிவிடுவான்!

மலைக்கு வந்த கதை

மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். போர்ச்சுக்கீசியர்கள் அதைக் கப்பலில் இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். அதற்கு முன்பு நம் முன்னோர் காரத்துக்கு மிளகைத்தான் நம்பி இருந்தார்கள்.

நீலகிரியில் சீமைக் காய்கறிகளுக்கு வழி திறந்தவர், கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன். அவர் 1819-ம் ஆண்டு மலை ஏறினார். பிறகு உதகையில் வீடு கட்டினார். உருளைக்கிழங்கும் ஐரோப்பியக் காய்கறிகளும் பயிரிட்டார். மலைக் குளிரில் அவை நன்றாக விளைந்தன.

குடைமிளகாயும் மிதமான குளிரை விரும்பும் செடிதான். வடநாட்டில் அதற்கு "சிம்லா மிர்ச்" என்று மலை ஊரின் பெயரே நிலைத்துவிட்டது.

வேண்டாம் என்ற காய்க்குள் புதையல்!

மிளகாய்க்குக் காரம் தருவது "கேப்சைசின்" என்ற பொருள். குடைமிளகாயில் அது இல்லை. ஆனால், வைட்டமின் "சி" நிறைய இருக்கிறது.

ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜிக்கு ஓர் இரவு மனைவி மிளகாய் பரிமாறினார். அந்த ஊர் மிளகாய், காரம் குறைந்தது. அவருக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. "ஆராய்ந்து பார்க்கிறேன்" என்று சோதனைச்சாலைக்கு எடுத்துப் போய்விட்டார். அன்று இரவே உண்மை தெரிந்தது. அதில் வைட்டமின் "சி" குவிந்து கிடந்தது! 1937-ம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பச்சைக் காயைச் செடியிலேயே பழுக்க விட்டால் நிறம் மாறும். சிவப்புக் குடைமிளகாயில், அதே எடை ஆரஞ்சுப் பழத்தில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு வைட்டமின் "சி" உண்டு.

வளர்ப்பது எப்படி?

தொட்டி இல்லையா? கவலை வேண்டாம். உடைந்த வாளி போதும். அடியில் துளை போடுங்கள். செம்மண், மணல், மக்கிய சாண எரு கலந்து நிரப்புங்கள்.

பனிக்காலம் முடியும் நேரத்தில் விதை போடுங்கள். நாற்றுக்கு ஐந்தாறு வாரம் ஆனதும் எடுத்து நடுங்கள். நட்ட இரண்டு, மூன்று மாதத்தில் காய் பறிக்கலாம். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். மழைக்காலத்தில் தாழ்வாரத்தின் கீழ் வையுங்கள். காய் கனத்தால் கிளை ஒடியும். ஒரு குச்சி நட்டுக் கட்டுங்கள்.

வானம் தெளிந்த பனிக்கால இரவில்தான் ஆபத்து அதிகம். மாலையிலேயே வாளியை வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். தரையில் நட்ட செடி என்றால் சாக்கால் மூடுங்கள். காலை வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள்.

பக்கத்தில் கார மிளகாய் நட்டால் இதற்கும் காரம் ஏறுமா? அந்தக் காயில் ஏறாது. ஆனால், அதன் விதையைப் போட்டால், வரும் செடியில் காரம் தோன்றலாம்.

பத்து நிமிடத்தில் பொரியல்

காலையில் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாருக்கு நேரம் ஏது? அவர்களுக்கு ஏற்ற கறி இது.

இரண்டு குடைமிளகாயை விதை நீக்கி நறுக்குங்கள். எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, வெங்காயம் தாளித்து, காயையும் உப்பையும் போட்டு வதக்குங்கள். இரண்டு கரண்டி கடலை மாவைத் தூவி, பச்சை வாசனை போகும்வரை கிளறுங்கள். பொரியல் தயார்!

ஞாயிற்றுக்கிழமை என்றால், மசித்த உருளைக்கிழங்கு மசாலாவைக் காய்க்குள் அடைத்து, தோசைக்கல்லில் மூடி வையுங்கள். சிறு தீயில் திருப்பித் திருப்பி வேகவிடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். நெடுநேரம் கொதித்தால் வைட்டமின் "சி" அழிந்துவிடும். காய் குழையும் முன்பே அடுப்பிலிருந்து இறக்குங்கள். பனியிலிருந்து காப்பாற்றிய சத்தைத் தீயில் இழக்கலாமா?