பாட்டி பொங்கிய புழுங்கல் அரிசி



"இந்த அரிசி வேணாம் பாட்டி, ஒரு மாதிரி வாடை அடிக்குது. வெள்ளை அரிசியே ஆக்குங்க!"

நம் வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. பாட்டி புழுங்கல் அரிசியை விடமாட்டார். பேரன் அதைத் தொடமாட்டான். கடைசியில் பேரன்தான் ஜெயிப்பான். பாட்டியின் அரிசி இட்லி மாவுக்கு மட்டும் என்று மூலைக்குப் போய்விடும்.

ஏன் பாட்டி அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்? கேட்டால், "எங்க ஆத்தா இதைத்தான் பொங்கினா" என்பார். அவருக்குத் தெரிந்த காரணம் அவ்வளவுதான். ஆனால் அந்த அரிசி ஒரு காலத்தில் இதே மலாயா மண்ணில் நம் முன்னோரை ஒரு கொடிய வியாதியிலிருந்து காப்பாற்றியது. அதை நிரூபித்துக் காட்டிய ஆராய்ச்சியும் இங்கேதான் நடந்தது. அந்த ஆராய்ச்சியில் 18 உயிர்கள் போயின. இந்த இரண்டு செய்திகளையும் நாம் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

காலை வீங்க வைத்த வியாதி

அந்த வியாதியின் பெயர் பெரிபெரி. முதலில் கால் மரத்துப் போகும். கெண்டைக்காலை அமுக்கினால் வலிக்கும். நடை தள்ளாடும். சிலருக்குக் கால் வீங்கி, அந்த வீக்கம் மேலே ஏறும், மூச்சு வாங்கும், இருதயம் தளர்ந்து திடீரென்று உயிர் போய்விடும்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களை இது ஆயிரக்கணக்கில் கொன்றது. சிறைச்சாலைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும்கூட இது புகுந்தது. ஏதோ கிருமியால் வருகிறது, ஈரத் தரையால் வருகிறது என்றெல்லாம் அக்கால டாக்டர்கள் பலர் நம்பினார்கள்.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் அவர்களுக்குப் புரியாத புதிராக இருந்தது. அதே நாடு, அதே மழை, அதே கொசு. தோட்டத்துத் தமிழனுக்கு மட்டும் பெரிபெரி வருவது அபூர்வம்! அவன் என்ன பங்களாவிலா குடியிருந்தான்? லயத்தில்தான் இருந்தான். மலேரியாவிலும் வயிற்றுக்கடுப்பிலும் கொத்துக்கொத்தாகச் செத்தவன்தான். இந்த ஒரு வியாதியிலிருந்து மட்டும் எப்படித் தப்பினான்?

நெகிரி செம்பிலானில் அரசாங்க டாக்டராக இருந்த பிராடன் என்பவர் இதைக் கூர்ந்து கவனித்தார். சீனத் தொழிலாளர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி. கம்பத்து மலாய்க்காரர்கள் சாப்பிட்டது வீட்டிலேயே அவ்வப்போது குத்திய அரிசி. தமிழர்கள் சாப்பிட்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. நோய் சாதி பார்த்து வரவில்லை, சட்டியைப் பார்த்து வருகிறது என்று கண்டுகொண்டார். 1907ல் அதைப் புத்தகமாகவே எழுதி வெளியிட்டார்.

சுவருக்குள் நடந்த சோதனை

சொன்னால் போதுமா? நிரூபிக்க வேண்டாமா? கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் பிளெட்சர் என்பவர் ஒரு சோதனையை நடத்தினார். அங்கே 1905ல் பெரிபெரி கடுமையாகப் பரவியிருந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி நோயாளிகள் எல்லாரையும் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார்கள். ஒற்றைப்படை எண் வந்தவர்களுக்குப் பழையபடி வெள்ளை அரிசிச் சோறு. இரட்டைப்படை எண் வந்தவர்களுக்குப் புழுங்கல் அரிசிச் சோறு. மற்றச் சாப்பாடெல்லாம் இரு பக்கமும் ஒன்றே. கட்டடங்களும் ஒரே மாதிரிதான்.

ஓராண்டு இப்படியே நடந்தது. வெள்ளை அரிசி சாப்பிட்ட சுமார் 120 பேரில் 30 பேருக்கு மேல் பெரிபெரியில் விழுந்தார்கள். அவர்களில் 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்ட பக்கத்திலும் ஏறக்குறைய அத்தனை பேர்தான் இருந்தார்கள். அங்கே பெரிபெரியால் ஒருவர்கூட இறக்கவில்லை.

பின்னர் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் பிரேசர், டாக்டர் ஸ்டான்டன் இருவரும் ஜெலபுவின் காட்டுக்குள் சாலை வேலைக்கு வந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்துச் சோதித்தார்கள். சுமார் 3 மாதத்தில் வெள்ளை அரிசிக் கூட்டத்தில் பெரிபெரி தலைகாட்டியது. அவர்களுக்குப் புழுங்கல் அரிசி கொடுத்ததும் நோய் நின்றது. அதோடு விடவில்லை. அதுவரை சுகமாக இருந்த கூட்டத்துக்கு வெள்ளை அரிசி கொடுத்தார்கள். அங்கேயும் நோய் வந்தது. இந்த முடிவுகள் 1909ல் வெளியாயின.

தவிட்டில் இருந்த உயிர்

இதன் சூட்சுமம் என்ன? நெல்லின் உமிக்கு அடியில் தவிடு என்ற மெல்லிய தோல் இருக்கிறது. வைட்டமின் பி1 என்ற சத்து பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அரிசியைப் பளபளவென்று தீட்டும்போது அந்தச் சத்து தவிட்டோடு போய்விடுகிறது. மாட்டுக்கும் கோழிக்கும் சத்து, மனிதனுக்குச் சக்கை!

புழுங்கல் அரிசி அப்படியல்ல. நெல்லை உமியோடு ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, காயவைத்த பிறகே குத்துகிறார்கள். வேகும்போது தவிட்டிலுள்ள சத்தில் ஒரு பகுதி தண்ணீரோடு அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தவிடு போனாலும் அந்தச் சத்து போவதில்லை. எந்த டாக்டரும் சொல்லாமலே நம் கிராமத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை இது.

1912ல் காசிமிர் பங்க் என்ற விஞ்ஞானி இத்தகைய சத்துகளுக்கு 'வைட்டமின்' வகைப் பெயரைச் சூட்டினார். 1926ல் ஜாவாவில் இரண்டு டச்சு விஞ்ஞானிகள் பி1 சத்தைத் தவிட்டிலிருந்து பிரித்தெடுத்தார்கள்.

புழுங்கல் அரிசி போன இடத்தில் என்ன நடந்தது என்பதையும் நம்மவர்கள் கண்டார்கள். 1942, 1943ல் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களுக்குக் கிடைத்தது கொஞ்சம் வெள்ளைச் சோறும் தண்ணீர்க் குழம்பும்தான். காலரா, மலேரியா, சீதபேதியோடு பெரிபெரியும் சேர்ந்து அவர்களைத் தின்றது. பல்லாயிரம் பேர் திரும்பி வரவில்லை.

அவர்களைக் கேட்டார்களா?

இப்போது அந்த 18 பேரைப் பற்றிக் கொஞ்சம் யோசிப்போம். அவர்கள் மனநோயாளிகள். உயர்ந்த மதில் சுவருக்குள் இருந்தவர்கள். போட்ட சோற்றைத்தான் சாப்பிட முடியும். "உன்னை வைத்து ஒரு சோதனை செய்கிறோம், உனக்குச் சம்மதமா?" என்று கேட்கும் வழக்கமே அந்நாளில் இல்லை. வரிசையில் எந்த இடத்தில் நின்றார்கள் என்பதே அவர்கள் தலையெழுத்தாகிவிட்டது.

"அவர்கள் ஏற்கெனவே அந்த அரிசியைத்தானே சாப்பிட்டு வந்தார்கள்? அரிசிதான் எமன் என்று அப்போது நிச்சயமாகத் தெரியாதே?" என்று சிலர் சொல்லலாம். நியாயம்தான். சோதனை தொடங்கிய நாளில் தெரியாது. ஆனால் ஒரு பக்கம் சாவு விழுந்துகொண்டே இருக்கிறது, மறுபக்கம் ஒரு சாவும் இல்லை. அதைக் கண்ணால் பார்த்த பிறகும் கணக்கு முடியட்டும் என்று காத்திருக்கலாமா? ஜெலபுவில் சுகமாக இருந்தவனுக்கு நோய் தரும் அரிசியைக் கொடுக்கலாமா? சோதனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் யார்? பைத்தியம் என்று ஒதுக்கப்பட்டவர்கள், கடல் தாண்டி வந்த கூலிகள். துரைமார் கிளப்பில் யாரையும் வரிசையில் நிறுத்தி எண்ணவில்லையே!

அந்தச் சோதனைகளால் பிற்பாடு எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. அதை மறுக்க முடியாது. ஆனால் பலருக்கு நன்மை வரும் என்பதற்காகக் கேட்பாரற்ற ஒருவனைப் பலி கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை. இதை உலகம் மிகவும் தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டது. நாஜி டாக்டர்களின் கொடுமைகள் விசாரிக்கப்பட்ட பிறகு 1947ல் நூரம்பர்க் நெறிகள் பிறந்தன. 1964ல் உலக மருத்துவர் சங்கம் ஹெல்சிங்கி பிரகடனத்தை வெளியிட்டது. மனிதனின் சம்மதம் இல்லாமல் மனிதனைச் சோதிக்கக்கூடாது என்பதே இவற்றின் சாரம்.

கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

இன்று நம் நாட்டில் மருத்துவ ஆய்வுகளைப் பரிசீலிக்க நன்னெறிக் குழுக்கள் இருக்கின்றன. தோட்டத்துக்கோ ஆஸ்பத்திரி வார்டுக்கோ ஆய்வு என்று யாராவது வந்தால் பயப்பட வேண்டாம், விரட்டவும் வேண்டாம். கேள்வி கேளுங்கள்.

1. இது எனக்கு வைத்தியமா, அல்லது ஆராய்ச்சியா? இரண்டும் வேறு வேறு.

2. என்ன செய்வீர்கள்? எவ்வளவு ரத்தம் எடுப்பீர்கள்? என்ன கெடுதல் வரக்கூடும்? வந்தால் யார் பொறுப்பு?

3. நன்னெறிக் குழு அனுமதி இருக்கிறதா? எனக்குப் புரியும் மொழியில் விளக்கத் தாள் எங்கே? அதில் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும்.

4. "முடியாது" என்று சொல்லலாம். பாதியில் விலகவும் செய்யலாம். அதற்காக உங்கள் வைத்தியத்தைக் குறைக்கக்கூடாது. வேலையில் தொந்தரவு கொடுக்கக்கூடாது.

5. உங்களுக்காகக் கங்காணியோ கிராணியோ மானேஜரோ சம்மதம் சொல்ல முடியாது. எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைப்பதானால், ஆய்வோடு சம்பந்தப்படாத ஒரு சாட்சி பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்க வேண்டும்.

எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, மனம் ஒப்பிச் சேர்ந்தால் அது ஊருக்குச் செய்யும் உபகாரம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இன்றைய சட்டி எப்படி இருக்கிறது?

"இப்பதான் பெரிபெரி இல்லையே, அப்புறம் என்னங்க?" என்று கேட்பீர்கள். வியாதி உருமாறி வந்திருக்கிறது. 2023ல் நாடு முழுதும் நடந்த சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பது தெரிந்தது. இந்தியர்களிடையே அது மற்றவர்களைவிட அதிகம். மலைபோல் வெள்ளைச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி குழம்பு, டின் பால் ஊற்றிய தேத்தண்ணி. நாம் சாப்பிடுவது இதுதானே? ஆகவே சில யோசனைகள்:

சோற்றைக் குறையுங்கள். சுகாதார அமைச்சு சொல்வது போல் தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ இருக்கட்டும். அந்தக் கால் பங்குச் சோறு புழுங்கல் அரிசியாகவோ தீட்டாத சிவப்பு அரிசியாகவோ இருந்தால் நல்லது. ஆனால் புழுங்கல் அரிசி என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று இனிப்புநீர்க்காரர்கள் நினைத்துவிட வேண்டாம், அளவு அளவுதான்.

அரிசியை ஏழு தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். பி1 தண்ணீரில் கரையும் சத்து. கஞ்சியை வடித்துக் கொட்டினாலும் அதோடு போய்விடும். தண்ணீர் அளவாக வைத்து ஆக்குங்கள்.

பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, நிலக்கடலை, எள் ஆகியவற்றில் பி1 உண்டு. தெம்பே, தவ்வு இரண்டும் மலிவான நல்ல உணவு. முருங்கைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் வேலியிலேயே வளரும். ஆனால் ஒரு எச்சரிக்கை! களைக்கொல்லி மருந்து அடித்த செம்பனைக் காட்டில் கீரையோ பாக்குக் கொழுந்தோ பறிக்கவே கூடாது.

சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்காதீர்கள். அது கீரை, பருப்பிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் போகட்டும். கீரையில் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். சோகை பிடித்த நம் பெண்களுக்கு இது முக்கியம்.

சுத்த சைவமா? சந்தோஷம். ஆனால் பி12 என்ற சத்து காய்கறியில் கிடைக்காது. பால், தயிர், முட்டை எதுவும் தொடாதவர்கள் டாக்டரைக் கேட்டு பி12 மாத்திரை எடுக்க வேண்டும். இனிப்புநீருக்கு மெட்பார்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கும் இந்தச் சத்து குறையலாம்.

கடைசியாகச் சம்சு. சோற்றை விட்டுவிட்டுக் குடியிலேயே கிடப்பவனுக்கு இன்றும் பி1 சத்து வற்றிப்போகும். கண் நிலைகொள்ளாது, நடை தள்ளாடும், புத்தி தடுமாறும். "போதை இன்னும் தெளியலே" என்று படுக்கப் போட்டுவிடாதீர்கள். அது அவசரம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பி1 ஊசி போட்டுக் காப்பாற்றலாம். தாமதித்தால் ஞாபகசக்தி திரும்பாமலே போகும். அதேபோல், யாருக்கானாலும் கால் மரத்துப் போனாலோ காரணமில்லாமல் வீங்கினாலோ தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்காமல் அரசாங்க கிளினிக்கிற்குப் போய்க் காட்டுங்கள்.

தோழர்களே! புழுங்கல் அரிசி கேவலமான அரிசி அல்ல. நம்மை வாழவைத்த அரிசி. அடுத்த முறை பாட்டி அதை உலையில் போடும்போது மூக்கைப் பிடிக்காமல் ஒரு கை சாப்பிடுங்கள். அது நல்லது என்று நிரூபிக்கக் கேள்வி கேட்க முடியாத 18 பேர் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். நமக்கு வாய் இருக்கிறது, உரிமை இருக்கிறது. தட்டில் விழுவது என்ன என்று பார்ப்போம். கையெழுத்துப் போடுவது எதில் என்று கேட்போம்.